கோழி, நாய், வெடித்த சுவர்: வின்சூக்கா குடியிருக்கும் வீடு

கோழிக்குச் சாகஸ் நோய் வராது. மனிதரின் இதயத்தை மெதுவாகக் கெடுக்கும் அந்த நோயைக் கொடுக்கும் ஒட்டுண்ணி பறவை இரத்தத்தில் தாக்குப்பிடிக்காது, உள்ளே போன கொஞ்ச நேரத்தில் சிதைந்துவிடும். அப்படி இருந்தும், அர்ஜென்டினாவின் வடக்கே சாக்கோ சமவெளிக் கிராமங்களில் இந்த நோயை ஆராய்ந்தவர்கள் கோழிகளைப் பற்றி விடாமல் விசாரித்தார்கள். வீட்டில் எத்தனை கோழி, ராத்திரி எங்கே அடைகின்றன, அடைகாக்கும் கோழியை எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டார்கள்.

காரணம் இதுதான். நோயைக் கொண்டுவரும் வின்சூக்கா என்ற பூச்சிக்கு இரத்தம்தான் ஒரே சாப்பாடு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதல் இறக்கை முளைத்த கிழம் வரை, ஆணும் பெண்ணும், எல்லாமே இரத்தம் குடிப்பவை. கட்டிலடியில் அடைகாக்கும் கோழி ராத்திரி முழுக்க அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைவிட வசதியான பந்தி பூச்சிக்கு வேறு கிடையாது. கோழி பூச்சிக்குச் சோறு போட்டுப் பெருக்கிவிடுகிறது. வாசலில் படுத்திருக்கும் நாயின் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தால், அங்கே நோயை வாங்கிக்கொள்கிறது. அப்புறம் அதே பூச்சி கட்டிலில் தூங்கும் பிள்ளையிடம் வருகிறது. மூவரும் ஒரே கூரைக்குக் கீழே படுக்கிறார்கள் என்பதில்தான் இந்த நோயின் கதை முழுக்க அடங்கியிருக்கிறது.

இதற்கு வைத்த 'முத்தமிடும் பூச்சி' என்ற ஆங்கிலப் பெயர் தமிழ்ச் செய்திகளிலும் நுழைந்துவிட்டது. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. கேட்க வேடிக்கையாக இருக்கிறதே தவிர, பூச்சியின் குணத்தைச் சொல்வதில்லை. அதோடு வாழ்ந்த மக்கள் வைத்த பெயர்கள் இன்னும் கூர்மையானவை. அர்ஜென்டினா, பொலிவியா, சிலி பக்கம் அதற்கு 'வின்சூக்கா' என்று பெயர். ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியில் இதற்கு, தன்னைத்தானே கீழே விழவிடுவது என்று பொருள் சொல்கிறார்கள். விளக்கை அணைத்ததும் கூரையிலிருந்து பொத்தென்று படுக்கையில் விழுவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். பிரேசிலில் 'பார்பெய்ரோ', அதாவது நாவிதர். போர்த்திக்கொண்டு தூங்குகிறவருக்கு வெளியே தெரிவது முகம் மட்டும்தான், அங்கேதான் கடிக்கும். வெனிசுவேலாவில் 'சீப்போ', தெற்குப் பெருவில் 'சிரிமாச்சா'.

இந்தக் குடும்பத்தில் 150-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாவற்றையும் அறிந்துகொள்ளத் தேவையில்லை. வீட்டுக்குள் வந்து மனிதரைத் தொந்தரவு செய்பவை சில மட்டுமே. அவற்றில் மூன்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், தட்டையான உடல், கூம்பிய தலை, வயிற்றின் ஓரத்தில் வரிவரியாக மஞ்சளோ ஆரஞ்சோ. மூட்டைப்பூச்சியைப் பார்த்த தலைமுறைக்கு ஒரு கணக்குச் சொல்லலாம்: அதைப்போல நாலைந்து மடங்கு நீளம், போதாததற்கு இறக்கை வேறு. செடிகொடியில் திரியும் எத்தனையோ பூச்சிகள் இதே ஜாடையில் இருக்கும். வித்தியாசம் மூக்கில் இருக்கிறது. பூச்சியைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், இரத்தம் குடிப்பதன் உறிஞ்சுகுழல் தலைக்கு அடியில் நேராக, மெலிதாக மடங்கிக் கிடக்கும். மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் வகைக்கு அது தடித்து, கொக்கிபோல் வளைந்திருக்கும். இலைச்சாறு குடிக்கும் வகைக்கு நீண்டு, மார்பைத் தாண்டிக்கூடப் போகும்.

1835 மார்ச்சில் சார்லஸ் டார்வின் அர்ஜென்டினாவின் மெந்தோசா அருகே லுஹான் என்ற ஊரில் ஒரு ராத்திரி தங்கியபோது இந்தப் பூச்சியிடம் கடிபட்டதை எழுதி வைத்திருக்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது, பின்னால் இகீக்கே என்ற ஊரில் பிடித்த ஒரு பூச்சியைப் பற்றி அவர் சொல்வது. மேசையில் விட்டு, சுற்றிலும் ஆட்கள் நிற்கும்போதே விரலை நீட்டினால் ஓடிவந்து குழலைச் செருகுமாம். காகிதம்போல் தட்டையாக இருந்தது பத்து நிமிடத்துக்குள் உருண்டையாகிவிடுமாம். ஒரே ஒரு சாப்பாட்டில் நாலு மாதம் கொழுத்துக் கிடந்தது என்றும் குறித்திருக்கிறார். வலியே இல்லை என்பதையும் கவனித்தார். குழலோடு சேர்ந்து இறங்கும் உமிழ்நீர் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்கிறது, தூங்குகிறவர் விழிப்பதில்லை.

அந்த நாலு மாதக் கணக்கை அலட்சியமாகத் தாண்டிப் போகக் கூடாது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கரும்பு வெட்டவோ பருத்தி எடுக்கவோ குடும்பத்தோடு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வரும்வரை பூச்சி சுவருக்குள் பட்டினியோடு காத்துக் கிடக்கும். இதற்கு வளர்ச்சியே சாப்பாட்டோடு முடிச்சுப் போட்டது. குஞ்சுப் பருவம் ஐந்து. ஒவ்வொன்றிலும் வயிறு முட்டக் குடித்தால்தான் அடுத்த தோலுரிப்பு. லண்டனில் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த் 1930களில் இதே குடும்பத்து ரோட்னியஸ் பூச்சியை வைத்துத்தான் தோலுரிப்பை நடத்தும் ஹார்மோன்களைப் பற்றிய அடிப்படைச் சோதனைகளைச் செய்தார். தலையை வெட்டிய பிறகும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருந்தது. அப்படிப்பட்ட ஜீவனை ஒரு வாரம் வீட்டைக் காலி செய்து விரட்டிவிடலாம் என்று நினைப்பது வீண்.

சரி, நோய் எப்படி வருகிறது? கொசு போலக் கடியால் இல்லை. கடித்த பூச்சி அங்கேயே கழிக்கும் கழிவால். டிரிப்பனோசோமா குரூசி என்ற ஒட்டுண்ணி பூச்சியின் குடலில் பெருகி, கடைசியில் மலக்குடலுக்கு வந்து சேர்கிறது. வயிறு நிறைந்ததும் பூச்சி ஒரு சொட்டுக் கழிக்கும். காலையில் அரிப்பெடுத்துச் சொறியும்போது அந்தச் சொட்டு கடிவாய்க்குள்ளோ, கண்ணுக்குள்ளோ, உதட்டுக்குள்ளோ போகிறது. கண் வழியாகப் போனால் ஒரு பக்க இமை மட்டும் வலியில்லாமல் ஊதாநிறமாக வீங்கும். அர்ஜென்டினாவின் செசிலியோ ரொமான்யா 1935-இல் இதை நோயின் அடையாளமாக விவரித்தார். அதற்குப் பிறகு கிராமத்து டாக்டர்கள் ஒரு கண் வீங்கிய குழந்தையைப் பார்த்ததும் உஷாரானார்கள்.

இந்த வழி எவ்வளவு சொதப்பலானது என்று யோசித்துப் பாருங்கள். பூச்சியில் ஒட்டுண்ணி இருக்க வேண்டும், உடனே கழிக்க வேண்டும், கழித்தது தோலில் விழ வேண்டும், தூங்குகிறவர் சரியான இடத்தில் தேய்க்க வேண்டும். 2013-இல் வெளியான ஒரு கணக்கீடு, நோயுள்ள பூச்சி ஏறத்தாழ 1,700 முறை கடித்தால்தான் ஒருவருக்குத் தொற்றும் என்றது (900 முதல் 4,000 வரை போகலாம்). இவ்வளவு கஷ்டப்பட்டுப் பரவும் நோய் எப்படிக் கோடிக்கணக்கான பேரைப் பிடித்தது? ஒரு வீட்டுச் சுவரில் ஆயிரக்கணக்கில் பூச்சி இருந்ததால். பிறந்த நாள் முதல் அதே சுவரோரம் படுத்த பிள்ளைக்கு 1,700 என்பது பெரிய எண் இல்லை. காட்டில் ஒருநாள் ஒரு பூச்சி கடித்துவிட்டுப் போவதால் இது கொள்ளைநோய் ஆவதில்லை. பூச்சி வீட்டில் குடும்பம் நடத்தினால்தான் ஆகிறது. வட அமெரிக்காவிலும் இந்தப் பூச்சி இனங்கள் உண்டு. ஆனால் அங்கே சில இனங்கள் குடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய்க் கழிப்பவை. வீடுகளும் சந்து பொந்து இல்லாதவை. அதனால் அங்கே பூச்சி வழியாக நோய் தொற்றுவது அபூர்வம்.

இதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு சுவரிலிருந்துதான் கிளம்புகிறது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் லசான்ஸ் என்ற ஊரில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்கள் மலேரியாவில் விழுந்துகொண்டிருந்ததால், கார்லோஸ் சாகஸ் என்ற இளம் மருத்துவரை அனுப்பினார்கள். ஒரு ரயில் பெட்டிதான் அவருக்கு வீடு, ஆஸ்பத்திரி, ஆய்வுக்கூடம் எல்லாம். பாதை போட வந்த பொறியாளர் ஒருவர் குடிசைச் சுவர்களில் ராத்திரி இறங்கி வரும் பார்பெய்ரோவை அவருக்குக் காட்டினார். சாகஸ் பூச்சியின் குடலைத் திறந்து பார்த்தபோது வால் ஆட்டிக்கொண்டு நெளியும் உயிர்கள் தெரிந்தன. ரியோவில் இருந்த தன் குரு ஒஸ்வால்தோ குரூசுக்குப் பூச்சிகளை அனுப்பினார்; அங்கே குரங்குகளுக்குத் தொற்றியது. ஒட்டுண்ணிக்கு குரு பெயரையே வைத்தார். 1909 ஏப்ரலில் பெரெனீஸ் என்ற 2 வயதுச் சிறுமியின் இரத்தத்திலும் அதைக் கண்டார். நோயாளியிலிருந்து கிருமியைத் தேடிப் போவதுதான் மருத்துவ வழக்கம். இங்கே பூச்சி முதலில், கிருமி அடுத்து, நோயாளி கடைசியில் என்று எல்லாம் தலைகீழ். பெரெனீஸ் எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தார் என்பது இந்த நோயின் விசித்திரத்துக்கு ஒரு சாட்சி.

சாகஸே ஒரு இடத்தில் சறுக்கினார். கடியில்தான் நோய் என்று நினைத்தார். கழிவில்தான் என்று காட்டியவர் பிரெஞ்சுக்காரர் எமில் பிரம்ப். மூன்று வருடம் கழித்து, 1912-இல்.

நோய் உடலில் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் இரண்டு மாதம் காய்ச்சலோ, ஒன்றுமே இல்லாமலோ போகும். பிறகு வருடக்கணக்கில் மௌனம். தொற்று உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு, இருபது முப்பது வருடம் கழித்து, இதயம் பெருத்துத் துடிப்பு தடுமாறும். பத்தில் ஒருவருக்கு உணவுக்குழாயோ பெருங்குடலோ ஊதிப்போகும். பென்ஸ்நிடசோல், நைஃபர்ட்டிமாக்ஸ் என்ற இரண்டு மருந்துகள்தான் உண்டு, இரண்டும் அரை நூற்றாண்டுப் பழசு. சீக்கிரம் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். ஆனால் தனக்குத் தொற்று இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும், தானமாகக் கொடுத்த இரத்தத்திலும் போகும். உலகத்தில் 60 முதல் 70 லட்சம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இனி வீட்டுக்குள் போவோம். சாக்கோவில் 'ரான்சோ' என்று சொல்லும் வீட்டை நம் ஊர்க்காரர் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது. பச்சைச் செங்கல்லில் கட்டியதோ, குச்சிகளை நட்டு மண் அப்பியதோதான் சுவர். கம்புகளைப் பரப்பி, புல்லைப் போட்டு, மேலே மண் கொட்டிய கூரை. முன்னால் ஒரு திண்ணைப் பந்தல். கோடையில் கட்டிலை அங்கே இழுத்துப் போட்டுத் தூங்குவார்கள். கொஞ்சம் தள்ளிக் கோழிக்கூடு, இன்னும் தள்ளி முள்ளுக்கிளைகளை அடுக்கிக் கட்டிய ஆட்டுப் பட்டி. கோடையில் 45 டிகிரியைத் தொடும் வெயிலில் மண் காய்ந்து வெடிக்கிறது. அந்த வெடிப்பு ஒவ்வொன்றும் பூச்சிக்கு ஒரு அறை. பகலில் குளிர்ச்சி, இருட்டு, எதிரி இல்லை. ராத்திரி ஒரு முழ தூரத்தில் சாப்பாடு.

பூச்சி இருக்கிறதா என்று தேடுவதே ஒரு தனி வித்தை. டார்ச், இடுக்கி, எரிச்சலூட்டும் மருந்து நிரப்பிய தெளிப்பான் ஆகியவற்றோடு போவார்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில்தான் தொடங்குவது. முதலில் கறையைப் பார்ப்பார்கள். வெடிப்பின் வாயிலிருந்து மையும் சுண்ணாம்பும் ஒழுகினதுபோல் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் இறங்கியிருக்கும். அது பூச்சியின் கழிவு. அந்தக் கழிவின் வாடைதான் மற்றப் பூச்சிகளையும் அதே பொந்துக்குக் கூட்டிவருகிறது. உரித்துப் போட்ட தோல், வெள்ளை முட்டை, சாமி படத்துக்குப் பின்னால் ஏதாவது அசைவு. வெடிப்புக்குள் மருந்தைப் பீய்ச்சினால் ஒவ்வொன்றாகத் தடுமாறி வெளியே வரும். ஒரு ஆள் ஒரு மணி நேரம் தேடினால் எத்தனை சிக்குகிறது என்பதுதான் கணக்கு. ஒன்றும் சிக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை என்பது தேடுகிற எல்லோருக்கும் தெரியும்.

சாந்தியாகோ தெல் எஸ்தேரோ மாகாணத்தில் அமாமா என்ற ஊரிலும் பக்கத்துக் குக்கிராமங்களிலும் புவெனஸ் ஐரெஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கார்டோ குர்ட்லரும் அவர் குழுவும் 1980களிலிருந்து இப்படித் தேடி, பூச்சியின் வயிற்றைச் சோதித்து, யார் இரத்தத்தைக் குடித்தது என்று பதிவு செய்துவந்தார்கள். அந்தத் தரவை வைத்து அவரும் கணிதவியலாளர் ஜோயல் கோஹனும் 2001-இல் ஒரு கணித மாதிரியை உருவாக்கினார்கள். அதில் வந்த விடைதான் இக்கட்டுரையின் முதல் பத்திகளுக்கு ஆதாரம். நோயுள்ள நாயைக் கடிக்கும் பூச்சிக்கு ஒட்டுண்ணி தொற்றும் வாய்ப்பு, நோயுள்ள பெரியவரைக் கடிப்பதைவிடப் பல மடங்கு. பூச்சியும் வாய்ப்புக் கிடைத்தால் மனிதரைவிட நாயையும் கோழியையும் விரும்பிக் குடிக்கிறது. நாயைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தாலே, வெளியிலிருந்து புதிதாக நோயுள்ள பூச்சி வராதவரை, அந்த வீட்டில் பரவல் ஏறக்குறைய அணைந்துவிடும் என்றார்கள். செலவில்லாத யோசனை. ஆனால் குளிர்கால ராத்திரியில் காவல் நாயை வெளியே படுக்கச் சொல்வதும், நரி தூக்கிப்போகும் இடத்தில் அடைக்கோழியை வெளியே வைக்கச் சொல்வதும் சொல்கிறவருக்குத்தான் சுலபம்.

பெருவிலும் பொலிவியாவிலும் நாய், கோழியோடு இன்னொரு ஆளும் சேர்கிறது. கினிப் பன்றி. ஆண்டிஸ் மக்கள் அதை ஆய்வுக்கூடத்துக்கு வளர்ப்பதில்லை, கறிக்கு வளர்க்கிறார்கள். அடுப்படியில் ஓடித் திரியும். அதற்கும் நோய் தொற்றும், அதன் கூண்டும் பூச்சிக்குச் சொர்க்கம். பெருவின் பெரிய நகரங்களில் ஒன்றான அரெகிப்பாவில், ஓரத்துக் குடியிருப்புகளில் கினிப் பன்றிக் கூண்டுகளோடு சிரிமாச்சாவும் குடியேறியது. கிராமத்து நோய் என்று ஒதுக்கிவைத்திருந்த ஒன்று லட்சக்கணக்கானோர் வாழும் நகரத்துக்குள் வந்துவிட்டது.

இங்கேதான் முன்னால் சொன்ன மூன்று இனங்களுக்கு வர வேண்டும். மூன்றும் ஒரே நோயைக் கொண்டுவந்தாலும் வீட்டோடு அவற்றுக்கு இருக்கும் உறவு வேறு வேறு. கட்டுப்பாட்டுத் திட்டம் ஒரு நாட்டில் வென்று இன்னொரு நாட்டில் தடுமாறுவதற்கு அந்த உறவுதான் காரணம் என்பது என் கருத்து. பணமும் அரசியலும் அதற்கு அடுத்துதான்.

முதலாவது டிரையடோமா இன்ஃபெஸ்டன்ஸ், அசல் வின்சூக்கா. பொலிவியாவின் ஆண்டிஸ் பள்ளத்தாக்குகளில் பாறை இடுக்குகளில் காட்டுக் கினிப் பன்றியோடு வாழ்ந்த பூச்சி. மனிதன் அந்தப் பிராணியை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது இதுவும் கூடவே வந்தது என்று கருதுகிறார்கள். அதன் பிறகு இது வீட்டை விட்டுப் போகவே இல்லை. மூட்டை முடிச்சில், விறகுக் கட்டில், கோழிக்கூடையில் ஒளிந்துகொண்டு ஆட்களோடு ஊர் ஊராகப் போய், 20-ஆம் நூற்றாண்டில் பிரேசிலின் வடகிழக்கு வரை பரவியது. பொலிவியா, சாக்கோ போன்ற சில இடங்களைத் தவிர்த்தால் காட்டில் இதற்கு இடமில்லை. இதுதான் இதன் பலவீனமும். வீட்டில் கொன்றால் ஊரிலேயே கொன்ற மாதிரி.

அந்தப் பலவீனத்தைக் குறிவைத்துத்தான் 1991-இல் தென் அமெரிக்காவின் தென்முனை நாடுகள் கூட்டு முயற்சி தொடங்கியது. வீடு வீடாகப் பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்து தெளிப்பு, இரத்த வங்கிகளில் சோதனை. 1997-இல் உருகுவே, 1999-இல் சிலி, 2006-இல் பிரேசில் என்று ஒவ்வொன்றாக இந்த இனம் வழியாக நோய் பரவுவது நின்றதாகச் சான்று வாங்கின. 1990 வாக்கில் இந்த நோய்த்தொற்று உள்ளவர்கள் 1.6 கோடி முதல் 1.8 கோடி என்று மதிப்பிட்டிருந்தார்கள். பூச்சி வழியாகப் புதிதாகத் தொற்றுவது 2010 வாக்கில் வருடத்துக்குச் சுமார் 30,000 ஆகக் குறைந்தது. மருத்துவ வரலாற்றில் இது பெரிய வெற்றி. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சாக்கோவில் மட்டும் அந்த வெற்றி நழுவிக்கொண்டே போகிறது. படுக்கையறைச் சுவரில் அடித்த மருந்து மாதக்கணக்கில் நிற்கும். அதையே ஆட்டுப் பட்டியின் முள்ளுக்கிளையிலோ கோழிக்கூட்டிலோ அடித்தால் வெயிலும் மழையும் புழுதியும் சீக்கிரமே தின்றுவிடும். அங்கே தப்பிய நாலு பூச்சி ஆட்டு இரத்தத்தில் பெருகி, பட்டினியான ஒரு சூடான ராத்திரியில் விளக்கைப் பார்த்துப் பறந்து வீட்டுக்கு வரும். முட்டையை மருந்து அவ்வளவாகத் தொடுவதும் இல்லை. இதெல்லாம் போதாதென்று, அர்ஜென்டினாவின் சால்தா மாகாணத்திலும் தெற்குப் பொலிவியாவிலும் பைரித்ராய்டுக்கு அசையாத பூச்சிகள் வந்துவிட்டன. மருந்தடித்த மறுநாளே சுவரில் சாவகாசமாக நடக்கும் வின்சூக்காவைப் பார்க்கிற குடும்பம் அடுத்த முறை தெளிப்புக்காரருக்குக் கதவைத் திறக்குமா?

இரண்டாவது ரோட்னியஸ் புரோலிக்சஸ். வெனிசுவேலா, கொலம்பியாவின் பூச்சி. இதன் இடம் சுவர் இல்லை, கூரை. காட்டில் பனை மரங்களின் மட்டை இடுக்கில், பறவைக் கூடுகளுக்கும் ஒப்போசம் என்ற பைப்பாலூட்டிக்கும் நடுவே வாழ்வது. அந்தப் பனையோலையை வெட்டிக் கூரை வேய்ந்தால் பூச்சியின் வீட்டையே தலைக்குமேல் தூக்கிவைத்த மாதிரி. சில நேரம் ஓலையோடு முட்டையும் வந்துவிடும். குடித்த உடனேயே கழிப்பதில் இது கெட்டிக்காரர், அதனால் நோயைப் பரப்புவதிலும். மத்திய அமெரிக்காவில் இதே இனம் இருந்தது, ஆனால் அங்கே அதற்குக் காட்டில் வேர் இல்லை. 1915 வாக்கில் எல் சல்வடோரில் ஆய்வுக்கு வளர்த்த பூச்சிகள் தப்பித்துப் பெருகியவை என்று ஒரு கருத்து உண்டு. வந்தேறி என்பதாலேயே வீட்டை விட்டால் அதற்குப் போக்கிடமில்லை. மருந்து தெளித்துத் துடைத்தெடுத்தார்கள். 2008-இல் குவாத்தமாலா சான்று பெற்றது. அதே பூச்சியை வெனிசுவேலாவில் அப்படி ஒழிக்க முடியாது. ஊரைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு பனையும் அதன் தாய்வீடு.

மூன்றாவது டிரையடோமா டிமிடியாட்டா. மெக்சிகோவிலிருந்து ஈக்வடோர் வரை. இது இரண்டுங்கெட்டான். காட்டிலும் இருக்கும், வீட்டிலும் இருக்கும், நடுவில் வந்து போய்க்கொண்டும் இருக்கும். மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் வெயில் காலத்தில் விளக்கைப் பார்த்துப் பறந்துவரும், ஆனால் வீட்டில் தங்கிப் பெருகுவது குறைவு. குவாத்தமாலாவில் அதே பூச்சி சுவருக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. இதன் குஞ்சுகள் உடம்பெல்லாம் மண்ணை அப்பிக்கொள்ளும். மண் தரையில் ஒரு சிறு மண்கட்டி நகர்கிறதே என்று பார்த்தால் அது பூச்சியாக இருக்கும். இதை மருந்தால் ஒழிப்பது நடக்காது. அடித்த வீட்டுக்குக் காட்டிலிருந்து புதிய கூட்டம் வந்து சேரும்.

அதனால் குவாத்தமாலாவின் ஹுத்தியாப்பா பகுதியில் வேறு வழியில் யோசித்தார்கள். பூச்சியைத் துரத்துவதை விட்டுவிட்டு வெடிப்பை அடைப்போம் என்றார்கள். சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோட்டா மொன்ராய் குழு கிராமத்துப் பெண்களோடு உட்கார்ந்து, அந்தப் பக்கமே கிடைக்கும் எரிமலைச் சாம்பல், மணல், சுண்ணாம்பு போன்றவற்றைக் கலந்து பூச்சு தயாரித்தது. சிமெண்ட் வாங்கக் காசில்லாத வீட்டுக்கும் கட்டுப்படியாகும் பூச்சு. காய்ந்தால் வெடிக்காத கலவை எது என்று பல முறை பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். மண் தரையையும் அப்படியே கெட்டியாக்கினார்கள். கோழிகளுக்கு வெளியே கம்பிவலைக் கூடு. பின்னால் பிடித்த பூச்சிகளின் வயிற்றைச் சோதித்தபோது மனித இரத்தம் குறைந்திருந்தது. பூச்சிக்கு எதிரி பூச்சு என்று தமிழில் சொன்னால் வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கும். அங்கே அது அப்படியே நடந்தது.

இதைச் சொல்லும்போது மண்வீட்டின் மேல் பழி போடுகிற வழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மண்சுவர் என்றாலே நோய் என்று பேசி, குடிசைகளைக் கொளுத்திவிட்டுச் சிமெண்ட் பெட்டிகளைக் கட்டித் தருவது ஒரு காலத்தில் தீர்வாகப் பேசப்பட்டது. நன்றாகப் பூசிய மண்சுவரில் பூச்சிக்கு இடமில்லை. பூசாத ஹாலோ பிளாக் சுவரின் இடுக்கில் தாராளமாக இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை மண்ணும் சாணியும் குழைத்துச் சுவரை மெழுகிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பராமரிப்பு நின்றுபோன சுவர்தான் பிரச்சினை, அது நின்றுபோனதற்குப் பின்னால் கூலிக்கு ஊர் ஊராகப் போக வேண்டிய குடும்பம் இருக்கிறது.

வீட்டைச் சரி செய்த இடங்களில் நோய் வேறு பாதை தேடுகிறது. 2005-இல் பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில் சாலையோரம் கரும்புச்சாறு குடித்தவர்களுக்கு வந்தது. கரும்போடு பூச்சியும் ஆலையில் நசுங்கியிருந்தது. 2007-இல் வெனிசுவேலாவின் கராகஸ் நகரப் பள்ளி ஒன்றில் கொய்யாச்சாறு குடித்த 103 பேருக்குத் தொற்றியது. அமேசான் பகுதியில் அசாயி பனம்பழச் சாற்றால் திரும்பத் திரும்ப வருகிறது. சொறிந்து உள்ளே போகும் ஒரு சொட்டுக்கு 1,700 கடி வேண்டும் என்று பார்த்தோம். நசுங்கிய ஒரே பூச்சி ஒரு குடம் சாற்றுக்குப் போதும்.

நம் பக்கம் இந்தப் பூச்சி உண்டா என்று கேட்பவர்களுக்கு: குடும்பம் உண்டு, நோய் இல்லை. லின்ஷ்காஸ்டியஸ் என்ற பேரினம் இந்தியாவில் மட்டுமே இருக்கிறது. 2002-இல் தென்னிந்தியாவிலிருந்து விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு 'கருப்பஸ்' என்று பெயர். கப்பல் எலிகளோடு உலகத் துறைமுகங்களெல்லாம் சுற்றிய டிரையடோமா ருப்ரோஃபாஸியேட்டாவும் இங்கே உண்டு. அது கடித்தால் தடிப்பும் ஒவ்வாமையும் வரலாம். ஆனால் சாகஸ் ஒட்டுண்ணி இங்கே இயற்கையில் இல்லை. வீட்டில் பெரிய பூச்சி ஒன்றைப் பார்த்ததும் படத்தோடு வாட்ஸ்அப்பில் பீதி கிளப்ப வேண்டியதில்லை.

சாக்கோவில் இப்போதைய வேலை கடைசிப் பூச்சியைத் தேடுவது. ஆயிரம் இருந்தபோது யார் கண்ணிலும் படும். இரண்டு மூன்று இருக்கும்போது டார்ச்சோடு வருகிறவருக்கு அகப்படாது, அங்கேயே தூங்குகிறவருக்குத்தான் தெரியும். அதனால் சில இடங்களில் சுவரில் ஒரு அட்டைப்பெட்டியை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம், பக்கவாட்டில் ஓட்டைகள். பூச்சிக்கு இன்னொரு வெடிப்பு மாதிரி. மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்து, காகிதத்தில் கறுப்புச் சொட்டு இருந்தால் மருந்துக்காரரைக் கூப்பிட வேண்டும். பூச்சி கையில் சிக்கினால் நசுக்காமல், ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த அறையில் எப்போது பிடித்தது என்று எழுதி சுகாதார நிலையத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடுப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.